திரும்பி வரும் உரிமை

கனடாவில் குடியுரிமை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அதன் கீழே ஒரு தேதியை எழுதுகிறோம். அந்தத் தேதியோடு சட்டத்தின் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அந்த மண்ணில் உடலோடு இருந்திருக்க வேண்டும். பிஆர் என்னும் நிரந்தர வசிப்புரிமை கிடைப்பதற்கு முன்னால் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். அதுவும் 365ஐத் தாண்டாது. மூன்று ஆண்டுகளுக்கு வருமான வரிக் கணக்குக் காட்டியிருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் மொழித்திறனைக் காட்டி, குடியுரிமைத் தேர்வின் இருபது கேள்விகளில் பதினைந்துக்காவது சரியான விடை சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் தயாராகி விண்ணப்பத்தை அனுப்பிய மறுநாளே ஒருவர் விமானம் ஏறிப் போனாலும், அந்த 1,095இல் ஒரு நாள்கூடக் குறையாது.

இதை ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள். “ஃபைல் உள்ள கிடக்குறப்ப எங்கயும் கிளம்பாதீங்க” என்பதுதான் கோயில் வாசலிலும், பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் இடத்திலும் கேட்கும் அறிவுரை. டெஸ்ட் தேதி வந்துவிடும், அதிகாரி கூப்பிடுவார், ஊருக்குப் போனது தெரிந்தால் கேள்வி வரும், எதற்கு வம்பு, ஓத் (குடியுரிமை உறுதிமொழி) எடுத்த பிறகு போய்க்கொள்ளலாம் என்பார்கள். அந்தப் ‘பிறகு’ பலருக்கு ஓராண்டாக நீளும். பெருந்தொற்றுக் காலத்தில் அது இரண்டாண்டையும் தாண்டியது. எண்பதை நெருங்கும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய காலம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்துக்குள் போய்ச் சேர்ந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவருக்குக் கொள்ளி வைத்தது அவருடைய தம்பி மகன். யாரோ கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்க, சொந்த மகன் ஒரு பேஸ்மென்ட் அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அவரைத் தடுத்து வைத்த சட்டம் எதுவும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கத்தோடு கோபமும் வருகிறது.

ஆனால் இந்தப் பயத்தை ஆதாரமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1977 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பத்துக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும் என்றது. வசிப்பது என்றால் என்ன என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டே ஒரு மாணவரின் வழக்கு வந்தது. நோவா ஸ்கோஷியாவில் குடியேறியிருந்தவர் படிப்புக்காக எல்லை தாண்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குப் போனார். உடைமைகளை நண்பர்கள் வீட்டில் வைத்திருந்தார்; விடுமுறை கிடைத்தால் அங்கேதான் திரும்பினார். இப்படிப் போய்வருவதால் ஒருவருடைய வசிப்பிடம் மாறிவிடாது என்று தீர்ப்பளித்தார் நீதிபதி தர்லோ. 1992இல் நீதிபதி பார்பரா ரீட் ஆறு கேள்விகளை வகுத்தார். குடும்பம் எங்கே இருக்கிறது, வெளியே போன காரணம் தற்காலிகமானதா, அவர் கனடாவுக்கு வருவது வீடு திரும்புகிறவர்போல் இருக்கிறதா அல்லது வந்துபோகிற விருந்தாளிபோலா என்பவை அவற்றில் சில. மறு ஆண்டே நீதிபதி மல்டூன் வேறு வழியில் போனார். சட்டம் மூன்று ஆண்டு என்றால் ஆள் மூன்று ஆண்டு அங்கே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர் நிலை. ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்த இருவரில் ஒருவர் குடிமகன் ஆகலாம், மற்றவர் நிராகரிக்கப்படலாம். வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பதைப் பொறுத்தது அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் நடந்தது. அந்தக் காலத்தில் விண்ணப்பித்தவர்கள் வெளியே போகப் பயந்ததில் நியாயம் உண்டு. அவர்கள் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பயத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள்.

2015 ஜூன் 11 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், உடல் இருந்த நாள் மட்டுமே கணக்கு என்று உறுதியாகச் சொன்னது. நாள்களையும் கூட்டியது: ஆறு ஆண்டுகளில் 1,460. கூடவே புதிதாக ஒன்றைக் கேட்டது. குடியுரிமை கிடைத்த பிறகும் கனடாவில் தொடர்ந்து வாழும் எண்ணம் தனக்கு இருப்பதாக விண்ணப்பதாரர் சொல்ல வேண்டும். கழிந்த நாளை எண்ணுவது ஒன்று, வரப்போகும் வாழ்நாளுக்கு வாக்குக் கேட்பது வேறு ஒன்று. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போனால், ‘உனக்கு இங்கே வாழும் எண்ணம் இல்லை போலிருக்கிறதே’ என்று கேட்க ஓர் இடம் உண்டாயிற்று. இரண்டு ஆண்டுதான் அது உயிரோடு இருந்தது. 2017 ஜூன் 19 அன்று எடுத்துவிட்டார்கள்; அதே ஆண்டு அக்டோபரில் நாள் கணக்கும் 1,095க்கு இறங்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய அந்த வாசகம் மக்கள் மனதிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

நாள்களை எண்ணிக் குடியுரிமை கொடுப்பது ஈரமில்லாத முறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரீட்டின் ஆறு கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் யார்? சொந்த வீடும் முதலீடும் குடும்பமும் கனடாவில் இருக்க, தொழிலுக்காக உலகம் சுற்றுகிறவர் சொல்லலாம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்துகொண்டு இரவுப் பணி பார்க்கிறவரிடம் காட்டுவதற்கு அப்படி எதுவும் இல்லை. இருந்த நாள்கள்தான் அவருடைய சொத்து. ஒரு நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அவரும் பெரிய முதலாளியும் சமம். அரசாங்கத்தால் மனதைப் பார்க்க முடியாது. பார்க்க முயன்றால் அதிகாரியின் விருப்பு வெறுப்புதான் அளவுகோலாகும்.

ஆனால் எண்ணுகிறவர் எதை எண்ணுகிறார், எதற்காக எண்ணுகிறார் என்பது முக்கியம். தமிழர்களுக்கு இதில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தந்தை அந்தத் தீவில் பிறந்தவர் என்றோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? மறு ஆண்டு வந்த இன்னொரு சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டு, மற்றவர்கள் பத்து ஆண்டு, இடைவிடாமல் தீவில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் தாய் தகப்பனைப் பார்க்கப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொண்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். மற்றவர்களை 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து பங்கிட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு வழி செய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பது அந்த மக்களுக்கு ஒரு தலைமுறையில் முடிந்த விஷயமாக இருக்கவில்லை.

கனடாவில் வாழும் ஈழத் தமிழர்களின் பயத்துக்கும் உண்மையான காரணம் ஒன்று உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்லும் மற்றதெல்லாம் தீங்காகிவிடும். அகதிப் பாதுகாப்புப் பெற்று அதன் வழியாகப் பிஆர் ஆனவர், குடிமகன் ஆவதற்கு முன் தன் பழைய நாட்டுப் பாஸ்போர்ட்டில் அந்த நாட்டுக்கே போய்வந்தால், ‘உனக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை’ என்று அரசு வழக்குத் தொடரலாம். 2012 டிசம்பருக்குப் பிறகு அப்படித் தீர்ப்பானால் பிஆரும் போய்விடும். குடியுரிமை விண்ணப்பமும் அந்த வழக்கு முடியும்வரை நிறுத்தி வைக்கப்படலாம். யாழ்ப்பாணத்தில் அம்மா சாகக் கிடக்கிறார் என்று ஓடிப்போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்ததும் இந்தக் கணக்கில் சேரக்கூடும். எதற்காகப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது; அது ஓரளவு ஆறுதல். ஆனாலும் பெற்ற தாயின் படுக்கையருகே நின்றதற்கு ஒருவரிடம் விளக்கம் கேட்கும் ஏற்பாட்டை என் மனம் ஏற்க மறுக்கிறது. ஸ்கார்பரோவில் ஈழத் தமிழர்களும் தமிழ்நாட்டவரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். ஒரு வீட்டுக்கு உரிய எச்சரிக்கை அடுத்த வீட்டுக்கும் போய், அங்கே தேவையில்லாத விலங்காகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நான் வேலை வழியாகப் போனவன். விண்ணப்பம் ஒட்டாவாவில் இருக்க, நான் கும்பகோணத்தில் என் அம்மாவோடு இருந்தேன். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே மாலை ஏழு மணி ஆகிவிடும். அதனால் எந்த மின்னஞ்சலும் இரவில்தான் வரும். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, விளக்கை அணைத்த பிறகு கைப்பேசியில் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். மாறாமல் அப்படியே இருக்கும். பகலில் வருகிறவர்கள், “எப்ப தம்பி கிளம்புறீங்க?” என்பார்கள். பேச ஆரம்பிப்பதற்காகக் கேட்கும் கேள்வி. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் டொரான்டோவிலிருந்து பேசும் நண்பர்களும், “எப்ப திரும்புறீங்க?” என்று கேட்பார்கள். ஒரே ஆளிடம் இரண்டு ஊரும் எப்போது இடத்தைக் காலி செய்வாய் என்று கேட்பதுபோல் இருக்கும் சில நாள்களில்.

ஒரு நாள் அம்மா கேட்டார்: “அந்த ஊர்க்காரனா ஆயிட்டா, அப்புறம் இங்க வர்றதுக்கு அவங்கள இவங்களக் கேட்டுக்கிட்டுத்தான் வரணுமாடா?”

ஆமாம் என்பதுதான் பதில். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடிமகன் ஆனவர் அந்தக் கணமே இந்தியக் குடிமகன் இல்லாமல் போகிறார். கனடா இரண்டையும் வைத்துக்கொள்ள விடும், இந்தியா விடாது. பாஸ்போர்ட்டைச் சரண்டர் செய்துவிட்டு ஓசிஐ அட்டை வாங்கலாம். அது ஆயுள் முழுவதற்கும் வந்துபோகும் அனுமதி. ஆனாலும் அனுமதிதான், அரசு நினைத்தால் ரத்து செய்ய முடியும். ஓட்டு இல்லை. அப்பாவின் நிலம் வாரிசாக வந்து சேரலாம்; அதை ஒட்டிய வயலை விலைக்கு வாங்க முடியாது. அம்மா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் நான் எதைக் கொடுத்து எதை வாங்குகிறேன் என்பதை அவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் குடியுரிமையைப் பற்றி நான் தெளிவாக யோசிக்க ஆரம்பித்தேன். குடிமகனுக்கு அப்படி என்ன கிடைக்கிறது? பிஆர் உள்ளவரும் வேலை செய்கிறார், வரி கட்டுகிறார், மருத்துவமனைக்குப் போகிறார், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறார். ஓட்டு இல்லை, அது பெரிய குறைதான். ஆனால் அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று 1982இல் எழுதப்பட்ட கனடாவின் உரிமைச் சாசனத்தில் 6ஆம் பிரிவில் இருக்கிறது. ஒவ்வொரு குடிமகனுக்கும் கனடாவுக்குள் வரவும், அங்கே தங்கவும், அங்கிருந்து வெளியேறவும் உரிமை உண்டு என்கிறது அது. வெளியேறும் உரிமையையும் அதே வரியில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பிஆர் உள்ளவர் ஐந்து ஆண்டுகளில் 730 நாள் இருந்து காட்ட வேண்டும். குறைந்தால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் போதாது என்றால் வாசல் அடைபடலாம். குடிமகன் முப்பது ஆண்டு வெளியே இருந்துவிட்டு வந்தாலும் எங்கே இருந்தேன் என்று சொல்லித்தான் உள்ளே வர வேண்டும் என்பது இல்லை. 2015இல் கொண்டுவந்த அந்த நிபந்தனை ஏன் தவறு என்பதும் இங்கேதான் விளங்குகிறது. ஹாலிஃபாக்ஸில் பிறந்தவரிடம் கேட்காத வாக்கைப் புதிதாக வருகிறவரிடம் கேட்டார்கள். வெளியேறும் உரிமையைக் கொடுக்கும் வாசலிலேயே, அதைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லை என்று சொல்ல வைத்தார்கள். அது குடிமக்களை இரண்டு தரமாக்கியது.

ஆகவே குடியுரிமையின் உயிர் தங்கியிருப்பதில் இல்லை என்று நான் முடிவாக நம்புகிறேன். அது திரும்பி வரும் உரிமையில் இருக்கிறது. காரணம் கேட்காமல் உள்ளே விட ஓர் இடம் இருக்கிறது என்ற உறுதியில்தான் ஒரு மனிதர் நிம்மதியாக வெளியே போக முடிகிறது, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் காலம் இருக்க முடிகிறது. பிறந்த ஊரில் அது மூச்சுபோல் இருந்ததால் அதை உரிமை என்றே நான் அறிந்திருக்கவில்லை. இரண்டு நாட்டு வாசலிலும் காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்த பிறகுதான் அதன் எடை தெரிந்தது. அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும்.

இந்த உரிமை காகிதத்தில் ஏறுவதற்கும் கைக்கு வருவதற்கும் இடையில் ஒரு விசித்திரமான இடைவெளி உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய காணொளி விழாக்களில், உறுதிமொழி எடுப்பவர்கள் கேமரா முன்னால் பிஆர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டினார்கள். காணொளி என்றாலும் அந்த நேரத்தில் ஆள் கனடாவுக்குள் இருந்தாக வேண்டும். அட்டை போயிற்று, இந்தியப் பாஸ்போர்ட் அந்த நிமிடமே செல்லாது, கனடா பாஸ்போர்ட்டுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெளியேறவும் திரும்பவும் உரிமை பெற்ற அன்றுதான் எங்கும் நகர முடியாமல் நிற்கிறோம். 2023 செப்டம்பரில் இரு நாடுகளின் உறவு கசந்து, கனடியர்களுக்கு விசா கொடுப்பதை இந்தியா நிறுத்தியது. இ-விசா மறுபடி வந்தது நவம்பர் பிற்பகுதியில். அதற்குச் சற்று முன்னால் உறுதிமொழி எடுத்து, ஓசிஐ இன்னும் கைக்கு வராமல் இருந்தவர்களுக்கு, சொந்த ஊர் சில வாரங்கள் பூட்டிய கதவாக இருந்தது. அம்மா கேட்ட கேள்வியை நான் அப்போது மறுபடியும் நினைத்துக்கொண்டேன்.

காத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். அகதிப் பாதுகாப்பு வழியாக வந்தவர் என்றால், ஓத் எடுக்கும்வரை ஒரு நல்ல வழக்கறிஞரைக் கேட்காமல் பழைய நாட்டுக்குக் கிளம்பாதீர்கள். பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் செய்யாதீர்கள். மற்றவர்கள் பயப்பட வேண்டாம். பிஆர் அட்டையின் முடிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அதை வெளிநாட்டில் இருந்துகொண்டு புதுப்பிக்க முடியாது. நாள்கள் நகர நகர அந்த 730க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். மின்னஞ்சலைத் தினமும் திறந்து, கேட்டதற்குக் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எங்கே இருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கூப்பிட்ட நாளில் திரும்பி வாருங்கள். மற்ற எல்லாவற்றையும் ஊரில் உட்கார்ந்தபடியே செய்யலாம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், ஓத் முடியட்டும் என்று காத்திருக்காமல் டிக்கெட் எடுங்கள்.